உப்பறைக் கழுதை

அத்தியாயம் ஆறு

இருநூற்றுப் பதின்மூன்று பேர் ஒரே அறையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவரவர் வீட்டில், அவரவர் நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே சௌகரியமாக உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விசேஷம். அத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆளுக்குக் கொத்தனார் என்று பட்டப்பெயர். கொத்தனாரை இரண்டு நாளாகக் காணவில்லை.

"சத்தமா படிங்க மாப்பிள்ளை," என்றார் என் மாமியார்.

மாமியாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று வாசலில் நின்றே மோந்து சொல்லிவிடுவார். ரிடையர் ஆன மறுநாள் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினார். அதே வாரம் எனக்கு வேலை போயிற்று. இந்த இரண்டு சம்பவங்களையும் என் மனைவி ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டுவிட்டாள். அன்று முதல் நான் டிரைவர், பை தூக்குகிறவன், படித்துக் காட்டுகிறவன். எட்டு மாதம் ஆயிற்று. என்னையும் சேர்த்தால் மாட்டிக்கொண்டவர்கள் இருநூற்றுப் பதினான்கு.

அவருக்கு உலகத்தில் எதற்கும் பயம் கிடையாது, ஒன்றைத் தவிர. மூடிய இடம் ஆகாது. எத்தனை மாடியானாலும் படிதான், லிஃப்டில் ஏறவே மாட்டார். மழை கொட்டினாலும் காரின் நாலு ஜன்னலும் இறங்கியே இருக்க வேண்டும். இப்போதும் நாங்கள் விசாரிக்கப் போயிருந்த கண்ணாடிக் கடையின் ஷட்டரைக் கடைக்காரர் பாதி இறக்கியதும், "முழுசா தூக்குங்க," என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடி விற்கிறவர். காணாமல் போன கொத்தனாரின் அண்ணன். கொத்தனார் ஆண் இல்லை, இருபத்தொன்பது வயதுப் பெண். ஆவணக் கிடங்கு ஒன்றில் பழைய ஃபைல்களைப் பாதுகாக்கிற வேலை.

"வெள்ளிக்கிழமை காலையில வேலைக்குப் போனா மேடம். சாயந்திரம் அவ போன்லேருந்து மெசேஜ். தோழிகளோட வெளியூர் போறேன், திங்கக்கிழமை வருவேன், தேடாதேன்னு. அப்புறம் போன் ஆஃப். போலீஸ்ல திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னுட்டாங்க."

"யாருக்கு வந்துச்சு மெசேஜ்?"

"எனக்கு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதான் மேடம் சந்தேகமா இருக்கு. நாங்க பேசி மூணு மாசம் ஆச்சு. ஒரே வீடுதான். ஆனா உப்பு வேணும்னாகூட என் மனைவி வழியாதான் கேப்பா. வெளியூர் போனா அண்ணிகிட்டதான் சொல்லுவா. எனக்கு எதுக்கு சொல்றா?"

"அவ சொல்லல. அவ போன கையில வெச்சிருக்கறவன் சொல்லியிருக்கான்," என்றார் மாமியார். "அண்ணன்னு பேர் இருந்தா அண்ணன்கிட்டதானே சொல்லுவாங்கன்னு நெனச்சிருக்கான். வீட்டுச் சண்ட வெளியாளுக்கு எப்படித் தெரியும்? சரி, சண்ட எதனால?"

"இதனாலதான்," என்று கடைக்காரர் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

வாளும் மந்திரமும் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. தயாரித்த கம்பெனி அதைக் கைவிட்டு வருடக்கணக்காகிறது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. அவர்களே புதுப்புதுக் கதைகள் எழுதி, கோட்டைகள் கட்டி, அதில் ஒட்டவைத்து, இலவசமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்தப் பெண் நாலு வருடம் உட்கார்ந்து கட்டியது உப்புக் கோட்டை. கதாநாயகி ஒரு உப்பு வியாபாரியின் மகள். கூட ஒரு நொண்டிக் கழுதை. சிறையிருக்கும் அப்பாவைத் தேடி இருவரும் கோட்டைக்குள் போகிறார்கள். நாலு வருடமாகப் பகுதி பகுதியாக வந்த கதை. ஆடுகிறவர்கள் ராஜாவை மறந்தாலும் கழுதையை மறக்கவில்லை. கழுதைக்கு அடிபட்டபோது ஒருத்தர் மூன்று நாள் ஆபீசுக்குப் போகவில்லையாம்.

"கழுத மேய்க்கவா படிக்க வெச்சேன்னு கேட்டுட்டேன் மேடம்," என்றார் கடைக்காரர். "அன்னிக்கு மூடின வாய்."

பத்து நாள் முன்பு மூன்றாம் பாகம் வந்திருந்தது. அதில்தான் உப்பறை. உள்ளே ஒரு அறை, வெளியே ஒரு சின்ன நடை, இரண்டுக்கும் தனித்தனிக் கதவு. போனவர்கள் போனவர்கள்தான். வெளிக்கதவு திறக்கவே இல்லை. இடித்தார்கள், எரித்தார்கள், மந்திரம் போட்டார்கள். விளையாட்டின் இணையப் பக்கத்தில் அவர்கள் எழுதியிருந்ததை நான் ஒவ்வொருவர் புலம்பலாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

"இது தூங்குமூஞ்சின்னு ஒருத்தர் எழுதினது அத்தை. 'நடையில நிக்கும்போது தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா ஆள் வெளிய நிக்குது. நான் எதுவும் பண்ணல.' கீழ எண்பது பேர் புளுகன்னு திட்டியிருக்காங்க."

"புளுகனா?"

"இல்ல. சோதிச்சுப் பாத்திருக்காங்க. அறைக்குள்ள இருந்த கழுத சும்மா நிக்காம உள்கதவுல சாஞ்சு அத மூடியிருக்கு. உள்கதவு முழுசா மூடினாதான் வெளிக்கதவு திறக்குமாம். ஆனா உள்கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் கைப்பிடி. நடையில நின்னுக்கிட்டு அத மூட முடியாது. அதனால ஒருத்தர் உள்ள இருந்து மூடணும், இன்னொருத்தர் வெளிய போகணும். வெளிக்கதவு மறுபடி மூடற வரைக்கும் உள்கதவு திறக்காது."

"அப்போ வழி தெரிஞ்சு போச்சே. இன்னும் ஏன் மாட்டிக்கிட்டு இருக்காங்க?"

"கழுதைய விட்டுட்டு வர மாட்டாங்களாம்." எனக்கே சிரிப்பு வந்தது. "'நாலு வருஷம் கூட நடந்த ஜீவன். நான் உப்பறையிலயே இருந்துக்கறேன், போ.' 'கொத்தனாரே, உமக்கு மனசு இருக்கா?' இப்படியே இருநூத்திப் பதிமூணு பேர். தர்ணா பண்ற மாதிரி உள்ளயே உக்காந்திருக்காங்க."

மாமியார் சிரிக்கவில்லை. "கொத்தனார் என்ன பதில் சொல்றா?"

"எல்லாருக்கும் அன்னன்னிக்கே பதில் போட்டிருக்காங்க. வியாழக்கிழமையோட நிக்குது. கடைசிப் பதில் இது. 'அறை அப்படித்தாங்க. நான் தினமும் போற அறை. என்னாலயே மாத்த முடியல.'"

"அது யாருக்குப் போட்ட பதில்?"

"கோடரின்னு ஒரு ஆள். ரொம்ப வாய். 'மண்டையில ஒண்ணும் இல்லாத கொத்தனாரே, உன்ன இதே அறையில ஒரு நாள் பூட்டி வெக்கணும், அப்பதான் கழுதையோட அரும தெரியும்.' வியாழக்கிழம எழுதியிருக்கான்." எனக்கு உடம்பு சூடாயிற்று. "மறுநாள் அவங்களக் காணோம். அத்தை, ஆளு கெடச்சாச்சு!"

"கோடரி வேற என்ன எழுதியிருக்கான், படிங்க."

"எல்லாம் குறைதான். 'கோட்டைச் சுவத்துல எழுதின எழுத்து ஆறாம் வரிக்குக் கீழ இருக்கு, எவனால படிக்க முடியும்?' 'கிழவி கண்ணு ரெண்டும் சமமா இல்ல, இடது கண்ணு இறங்கியிருக்கு.'"

மாமியார் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்வை சோதிக்கிற அட்டை தொங்கியது. மேலே பெரிய எழுத்து, கீழே வரவரச் சின்ன எழுத்து. ஆறாம் வரி பொடியாகத் தெரிந்தது.

"கோடரிக்குக் கண்ணாடிக் கட இருக்கு போல," என்றார் அவர்.

கடைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் மேடம். அவ நாலு வருஷமா என்னதான் பண்றான்னு பாக்கலாம்னு திருட்டுத்தனமா ஆட ஆரம்பிச்சேன். நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அத மூஞ்சிக்கு நேரா சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் திட்டி எழுதினேன். விளையாட்டா எழுதினேன் மேடம். பூட்டி வெக்கணும்னு என் கையாலயே எழுதிட்டேனே."

அவர் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சந்தேக ஆசாமி கையை விட்டுப் போனதில் எனக்கும் வருத்தம்தான், ஆனால் நான் அழவில்லை. மாமியார் எழுந்து கடைக்குள் நடக்க ஆரம்பித்தார். வாசலிலிருந்து மேஜை வரைக்கும் தரைக்கற்களை எண்ணினார்.

"ஒம்பது கல். மாப்பிள்ளை, இந்த விளையாட்டுல இது மாதிரி கட ஏதாவது வருதா?"

"முதல் பாகத்துல மருந்துக் கட வருது மேடம்," என்று கடைக்காரரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். "அச்சு அசலா என் கட. சுவத்துல இந்த அட்டையக்கூட மாட்டியிருக்கா. அத ரகசிய மந்திரம்னு நெனச்சு ஒரு கூட்டமே மாசக்கணக்கா ஓதிப் பாத்திருக்கு."

"வாசல்லேருந்து மேஜைக்கு எத்தன கட்டம்?"

அவர் தட்டிப் பார்த்தார். "ஒம்பது."

"பாத்தத பாத்தபடி கட்டறா. கல்லுக்குக் கல். 'நான் தினமும் போற அறை'ன்னு எழுதினது கதையில்ல." மாமியார் கைப்பையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அவ தினமும் எங்கெங்க போவா?"

"வீடு, கிடங்கு. வேற எங்கயும் இல்ல மேடம்."

கிடங்கு மூன்று மாடிக் கட்டடம். மருத்துவமனைகளும் கம்பெனிகளும் தூக்கி எறிய முடியாத பழைய ஃபைல்களை அனுப்பி வைக்கிற இடம். ஞாயிற்றுக்கிழமையாதலால் ஈ காக்கை இல்லை. அண்ணனைக் காரோடு கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் உள்ளே போனபோது மணி மூன்றரை. மேலாளர் மட்டும் இருந்தார். குளித்து, பவுடர் போட்டு, கறையில்லாத சட்டையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருகிறவன் இவ்வளவு பளிச்சென்று இருந்தால் எனக்கு ஆகாது.

"தங்கமான பொண்ணுங்க," என்றார். "வெளியூர் போறதா சொல்லிட்டுதான் போனாங்க. இதோ பாருங்க, நாலு பத்துக்குக் கையெழுத்து. அஞ்சு மணிக்கு லாரி வருது, பழைய காகிதம் அரைக்கப் போகுது. அதுக்காகத்தான் இன்னிக்கு நான் வந்தேன்."

கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருந்தது. மாமியார் அதைப் பார்க்கவே இல்லை. "எந்த அறையில வேல பார்ப்பாங்க?"

"கீழ. இரும்பு அறை."

"தனியாவா?"

"கூட ஒரு ஆள் உண்டு. ஒரு வாரமா லீவு. அதனால வெள்ளிக்கிழமை தனியாத்தான் உள்ள போனாங்க. ரெண்டு கதவையும் சாத்திக்கிட்டுதான் வேல பாக்கணும், இங்க அது விதி. முடிச்சுட்டுத் தனியா வெளிய வந்தாங்க."

"ஐயோ பாவம். வெளிய வர்றப்போகூட ஒருத்தரும் தொணைக்கு இல்லையா?"

"ஒருத்தரும் இல்ல. நான்தான் மேல இருந்தேனே."

மாமியார் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை, தனியா எப்படி வெளிய வந்திருப்பா? இங்க கழுத இல்ல," என்றார்.

"நான் இருக்கேனே அத்தை," என்றேன். வாய் சும்மா இருக்கிறதா பாருங்கள்.

"அந்த அறைய ஒரு தடவ பாத்துட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்," என்று மேலாளரிடம் சொன்னார். "இல்லேன்னா போலீஸோடதான் திரும்பி வரணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "வாங்களேன், அதுக்கென்ன," என்றார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்திருக்கக் கூடாது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினோம். இரும்புக் கதவு. மேலாளர் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே மங்கலான விளக்கு எரிகிற ஒரு சின்ன நடை, எதிரே இன்னொரு இரும்புக் கதவு, பாதி திறந்தபடி. நான் தரைக்கற்களை எண்ணினேன். நாலு. விளையாட்டிலும் நாலுதான்.

மாமியார் என் காதில் சொன்னார்: "இந்தக் கதவப் பிடிச்சுக்கங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க."

பிடித்துக்கொண்டேன். அவர் நடைக்குள் ஒரு அடி வைத்தார். இரண்டாவது அடிக்கு அவர் கை சுவரைத் தேடியது. மூன்றாவது கல்லில் நின்று, "அம்மா, உள்ள இருக்கியா?" என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம். பிறகு ஒரு பெண்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்: "கதவ விட்டுடாதீங்க!"

அந்த நேரம் பார்த்து மாமியார் சரிந்தார். முழங்கால் மடங்கி, சுவரோடு சேர்ந்து அப்படியே கீழே இறங்கினார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அப்போது தெரியவில்லை. கதவை விட்டுவிட்டு ஓடிப் போய் அவரைப் பிடித்தேன். எனக்குப் பின்னால் கதவு தடால் என்று மூடியது.

"அஞ்சு மணிக்கு லாரி வந்துட்டுப் போயிடும். அப்புறம் யாராவது வந்து திறப்பாங்க," என்று மேலாளர் வெளியேயிருந்து சொன்னார். விளக்கு அணைந்தது. காலடிச் சத்தம் படியேறிப் போனது.

"யாராவது வந்து திறப்பாங்கன்னு வெள்ளிக்கிழமையும் சொன்னாரு," என்றது உள்ளேயிருந்த குரல்.

என் போன் வெளிச்சத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உதடு வெடித்து, கண் குழிந்து, பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தாள். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. மாமியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் விசாரணை நிற்கவில்லை.

"எதுக்காக உன்ன அடைச்சான்?"

"ஒரு ஆஸ்பத்திரியோட எழுபது பெட்டி, மேல இருக்கு. கோர்ட்டுல கேஸ் நடக்குது, அதுவரைக்கும் அழிக்கக் கூடாது. அழிக்கலாம்னு கையெழுத்து கேட்டாரு, மாட்டேன்னேன். வெள்ளிக்கிழமை, ஒரு பெட்டி எடுத்துட்டு வாம்மா, கதவ நான் பிடிச்சுக்கறேன்னாரு. நம்பினேன். போன் மேல மேஜையில இருந்துச்சு."

"போலீஸ் வந்தா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு லாரி போயிட்டா பெட்டி இருந்ததுக்கே சாட்சி கிடையாது. என்னத் தவிர." அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அதனால திங்கக்கிழமை என்னை யாரும் திறப்பாங்கன்னு எனக்குத் தோணல. இப்போ நீங்களும் வந்துட்டீங்க."

கத்திப் பார்க்கலாமா என்று நினைத்தேன். இரண்டு நாளாக அவள் கத்தாத கத்தலா?

கதவு விவகாரத்தை அவளே சொன்னாள். தீப் பிடித்தால் பயந்துபோய் யாரும் உள்கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவிடக் கூடாதாம். காகிதம் முக்கியம். அதனால் உள்கதவை முழுசாக மூடினால்தான் வெளிக்கதவு உள்ளேயிருந்து திறக்கும். வெளிக்கதவு மறுபடி மூடும்வரை உள்கதவு திறக்காது. உள்கதவு தானாக மூடிக்கொள்ள ஒரு ஸ்பிரிங் இருந்தது. அது உடைந்து ஒன்றரை வருடம். மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மாற்றவில்லை. அதிலிருந்து இரண்டு பேராகத்தான் உள்ளே வருவார்கள். வேலை முடிந்ததும் ஒருவர் உள்ளே நின்று கதவைத் தள்ளி மூடுவார், மற்றவர் வெளியே போய்ச் சாவி போட்டு அவரைக் கூட்டி வருவார்.

"உள்ள நிக்கறவருக்குக் கழுதைன்னு பேர். காலையில வந்ததும் முதல் கேள்வி, இன்னிக்கு யார் கழுதன்னுதான்." அவள் லேசாகச் சிரித்தாள். "ஒரு தடவ மேலாளர் தனியா வந்து மாட்டிக்கிட்டாரு. அரை மணி நேரம் கழிச்சு திறந்து விட்டோம். கதவு இறுகிக்கும் சார்னு சொல்லி வெச்சோம். விஷயத்த சொல்லல. சொன்னா அவரையும் கழுதையா நிக்க வெக்கணுமே."

"அதனாலதான் மூணு பேரையும் ஒண்ணா அடைச்சுட்டு நிம்மதியா போறான்," என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமலே.

"தனியா நானும் முயற்சி பண்ணினேன். துப்பட்டாவ கைப்பிடியில கட்டி நடையிலேருந்து இழுத்தேன். துணி இடுக்குல மாட்டிக்கும். ஒரு நூல் அளவு மூடாம நிக்கும். கடைசியில கிழிஞ்சே போச்சு." அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் மூடறேன். எனக்குப் பழகிடுச்சு."

"ரெண்டு நாள் நின்னாச்சு. உனக்கு லீவு," என்றார் மாமியார். "மாப்பிள்ளை, நீங்க இவளக் கூட்டிட்டுப் போங்க. நான் நிக்கறேன்."

சொன்னவரின் முகம் வெளிறி வேர்த்திருந்தது.

"அத்தை, நீங்க லிஃப்டுலயே நிக்க மாட்டீங்க."

"அது வேற."

"என்ன வேற? இது வெளிச்சமில்லாத, போகாத லிஃப்ட்."

"விளையாடாதீங்க மாப்பிள்ளை. உங்கள இங்க விட்டுட்டுப் போனா எம் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கழுதைய விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லுங்க. யாருன்னு கேக்கக்கூட மாட்டா."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். கதவை விட்டவன் நான். அது எங்கள் இருவருக்குமே தெரியும். எட்டு மாதத்தில் என் பேச்சை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

பின்பக்கப் படி ஒன்று நேராகக் கேட்டுக்குப் போகும், லாரி நிற்கிற பக்கம் வராமலே போய்விடலாம் என்றாள் அந்தப் பெண். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெளிச்சத்துக்கு என் போனைக் கொடுத்தேன். இருவரும் நடைக்குப் போனார்கள். நான் உள்ளே நின்று அந்தப் பாழாய்ப்போன கதவைத் தோளால் தள்ளினேன். மாமியாரின் முகம் ஒரு பட்டையாகி, ஒரு கோடாகி, காணாமல் போனது. இரும்போடு இரும்பு சேர்ந்தது. அந்தப் பக்கம் டக் என்று ஒரு சத்தம். வெளிக்கதவு திறந்துகொண்டது. பிறகு தடால் என்று மூடியது.

இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு. என் கையை நானே முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. போனவர்கள் படியில் மாட்டினால்? மேலாளர் பின்பக்கம் வந்திருந்தால்? அப்புறம் யார் வந்து என்னைத் திறப்பது? நான் இங்கே இருக்கிறேன் என்பதே உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இருநூற்றுப் பதின்மூன்று பேரைப் பார்த்துச் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது. ஒருவர்கூடக் கழுதையை இருட்டில் விட்டுவிட்டு வரவில்லை. புத்திசாலிகள். நல்லவர்கள்.

கதவு என்மேல் இடித்தது. காலில் ஏதோ பட்டது. நான் போட்ட கூச்சல் எனக்கே காது அடைத்தது.

"கத்தாதீங்க. நான்தான்."

"அத்தை? நீங்க போகலையா?"

"அவள அனுப்பிட்டேன். கதவு மூடறதுக்கு முன்னால நடையில நின்னுட்டேன்." பக்கத்தில் அவர் உட்காருகிற சத்தம் கேட்டது. "அவளுக்கு வழி தெரியும். வாசல்ல அண்ணன் நிக்கறான். இங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு கிண்டலும் வரவில்லை. அவர் கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

"ஏதாவது பேசுங்க மாப்பிள்ளை. மத்த நேரமெல்லாம் வாய் ஓயாதே. பேசுங்க."

அதனால் அந்த இருநூற்றுப் பதின்மூன்று பேரின் புலம்பலை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கழுதைக்குத் தாலாட்டு எழுதியவரைப் பற்றிச் சொன்னேன். கழுதைக்குப் பதிலாக ராஜாவை அடைத்துவைக்க முடியுமா என்று கேட்டவரைப் பற்றிச் சொன்னேன். அதற்கு அவர் சிரித்தார். சிரிக்கும்போதும் கையை விடவில்லை. நாற்பதாவது ஆளுக்கு வந்திருப்பேன், வெளியே காலடிச் சத்தம் கேட்டது. சாவி பூட்டில் நுழைந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். அவர் என் கையை இன்னும் இறுக்கினார்.

வெளிச்சம். முதலில் ஒரு போலீஸ்காரர். பின்னால் கடைக்காரர், அவர் தோளைப் பிடித்தபடி தங்கை. லாரி கேட்டைத் தாண்டவில்லை, மேலாளரும் பிடிபட்டார் என்றார் போலீஸ்காரர். என் காரைக் குறுக்கே விட்டு அண்ணன் மறித்துவிட்டாராம். காரின் கதி என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை.

தங்கை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எப்படி இந்த அறை தெரிஞ்சுது? உனக்கு விளையாட்டே தெரியாதே."

கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "கோடரி நான்தான்," என்றார்.

"மண்டையில ஒண்ணும் இல்லாத கொத்தனாருன்னு எழுதினது?"

"நான்தான்."

"கிழவி கண்ணு சமமா இல்லன்னு?"

"இல்லதான். இடது கண்ணு இறங்கித்தான் இருக்கு." அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "கழுத நல்லா இருக்கும்மா. கழுத ரொம்ப நல்லா இருக்கு. நானும் அத விட்டுட்டு வரல."

அவள் வெடித்த உதட்டோடு சிரிக்க ஆரம்பித்து, அப்படியே அழுதாள். மூன்று மாதம் கழித்து இருவரும் அண்ணி இல்லாமல் நேராகப் பேசிக்கொண்டார்கள்.

என் கை இன்னும் மாமியாரின் பிடியில் இருந்தது. அதை அவரும் அப்போதுதான் கவனித்தார். சட்டென்று விட்டுவிட்டுப் புடவையைச் சரி செய்துகொண்டார்.

"மாப்பிள்ளை, இத எம் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டாம்."

"எத அத்தை? மயங்கினதையா?"

"திரும்பி வந்தத."

பையை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினார். நான் இன்றுவரை சொல்லவில்லை. என் மனைவி இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.